முதல் கல்லிலேயே முடிய வேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளேடு மாட்டும் வகை அல்லாத, முழு எஃகு அலகு கொண்ட பழைய பாணிச் சவரக் கத்தியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, சில நாளிலேயே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர். காரணம் ஒன்றுதான். கத்தி மழிப்பதில்லை, முடியைப் பிடித்து இழுக்கிறது. தங்களுக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கையில் குற்றமில்லை. கத்தி மழிக்கும் பதத்துக்கு வந்தே இருக்காது. அதை எப்படிக் கொண்டுவருவது, வேலை எந்த இடத்தில் கெடுகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

சலூன்களில் இப்போது கையாள்வது பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி. ஒருவருக்குப் பயன்படுத்தியதை எறிந்துவிடலாம், ரத்தம் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. போன்றவற்றுக்கு அஞ்ச வேண்டாம் என்பதால் அது வந்தது, வந்தது நல்லதே. நான் பேசுவது ஜெர்மனியின் ஸோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர், ஜப்பானின் செகி போன்ற ஊர்கள் பெயர் வாங்கிக் கொடுத்த முழுக் கத்தியைப் பற்றி. அது ஒரே ஆளுக்குரியது. அண்ணன் தம்பியாக இருந்தாலும் இருவர் ஒரே கத்தியில் மழிக்கக் கூடாது.

முதலில் கத்தியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலகின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 5/8 என்றால் ஏறக்குறைய 16 மி.மீ., 6/8 என்றால் 19 மி.மீ. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த இரண்டில் ஒன்று போதும். எஃகின் விவரமே சொல்லாமல் மிக மலிவாக விற்கும் பளபளப்பான கத்திகளில் பல, சவரக் கத்தியின் வடிவம் மட்டும் கொண்டவை. எஃகு மென்மையாக இருக்கும், எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அதே பணத்துக்கு ஒரு பழைய ஸோலிங்கன் கத்தி கிடைத்தால் அதுவே மேல். பழையதை வாங்கும்போது வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், விரிசல் இருக்கிறதா, வாயை ஒட்டித் துரு குழி பறித்திருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் இருக்கும் துரு பாதகமில்லை. வாயில் உள்ள குழி, தீட்டத் தீட்டப் பல் பல்லாகப் பெயரும். வாய் நேராகவோ வெளிப்பக்கம் லேசாக வளைந்தோ இருக்கலாம். நடுவில் உள்வாங்கிக் குழிந்த கத்தியை முதல் கத்தியாக வாங்க வேண்டாம். முதுகின் இரு பக்கத்திலும் கல் பட்டுத் தேய்ந்த பட்டை ஒரே அகலத்தில் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் அகன்றும் இருந்தால் கத்தி முறுகியிருக்கலாம், அல்லது முன்பு வைத்திருந்தவர் ஒரு பக்கமாக அழுத்தித் தீட்டியிருப்பார்.

இந்தக் கத்தியின் சூட்சுமம் முழுவதும் அதன் முதுகில் இருக்கிறது. கல்லின் மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். தீட்டும் கோணத்தை நாம் யோசிக்க வேண்டியதே இல்லை, செய்தவர் அதை முதுகின் கனத்திலேயே வைத்துவிட்டார். 19 மி.மீ. அகலமும் 5 மி.மீ. முதுகுக் கனமும் உள்ள கத்தியில் வாயின் இரு பக்கமும் சேர்ந்த கோணம் சுமார் 15 டிகிரி. சமையலறைக் கத்திக்கு இது 30, 40 டிகிரி இருக்கும். ஆகவே முதுகைக் கல்லிலிருந்து ஒரு கணம்கூடத் தூக்கக் கூடாது. தூக்கினால் வாய் மழுங்கும். அதைச் சரிசெய்ய மறுபடி ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்கவே கூடாது என்பதும் இதனால்தான். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் செய்வது சரியான வேலை. சவரக் கத்தியின் வாயோ காகிதத்தைவிட மெல்லியது. சுழலும் சக்கரத்தில் பட்டதும் நொடியில் சூடேறிவிடும். கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கடினம் இழக்கத் தொடங்கும். வாயில் நீலம் பாய்ந்திருந்தால் 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து எடுத்தாலொழிய அங்கே இனிக் கூர் தங்காது.

இனி கற்கள். நம்பர் கூடக் கூடக் கல் நுண்ணியது. 1000 நம்பர், 4000 நம்பர், 8000 நம்பர் என்று மூன்று இருந்தால் முகம் மழிக்கும் பதம் வரும். 12000 நம்பர் கல் சுகத்துக்குத்தான், அவசியத்துக்கு அல்ல. கிங், நனிவா, ஷாப்டன், நார்ட்டன் ஆகியவை இந்த வேலைக்குப் பலரும் பயன்படுத்தும் கற்கள். நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வேறுபடும். கூடியவரை ஒரே கம்பெனியின் கற்களாக வாங்கினால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போவது எளிது. கிங் 1000 போன்ற கல்லைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஷாப்டன் வகைக்கு மேலே தண்ணீர் தெளித்தாலே போதும், ஊறப்போட்டால் கெட்டுவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்பொரண்டம் கல் இதற்கு மிகவும் சொரசொரப்பு. அது போடும் கீறல்களை எடுப்பதற்கே பாதி அலகு தேய்ந்துவிடும். பெல்ஜியத்தின் ஆர்தென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் கல்லைப் புகழ்ந்து பலர் எழுதுவார்கள். நல்ல கல்தான். ஆனால் இயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம், முதல் கத்தியில் அதையும் சேர்த்துப் பழகுவது வீண் சிரமம்.

கல் புதியதாக இருந்தாலும் மட்டமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கனமான கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் 220 அல்லது 320 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டு, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடு முழுவதும் அழிந்தால் கல் மட்டம். நடுவில் மட்டும் கோடு மிச்சமிருந்தால் கல் அங்கே பள்ளம். பள்ளமான கல்லில் கத்தியின் நடுப்பகுதி கல்லையே தொடாது. தேய்த்து முடித்ததும் கல்லின் ஓரங்களைச் சற்று மழுக்கி, ஒட்டியிருக்கும் துகள் போகக் கழுவிவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். கத்தி மழிக்கவில்லை என்று சொல்கிற பத்துப் பேரில் அநேகமாக எல்லோரும் 8000, 12000, மெருகேற்றும் பச்சைப் பசை என்று மேலே மேலே தேடிக்கொண்டிருப்பார்கள். குறை கீழே, 1000 நம்பர் கல்லில் இருக்கும். வாயின் இரு பக்கத்திலும் கல் பட்டு உண்டாகும் மெல்லிய சாய்வுகள் இரண்டும் ஒரே கோட்டில் வந்து சந்திக்க வேண்டும். கைப்பிடிப் பக்கத்து அடியிலிருந்து நுனி வரை, ஒரு மில்லிமீட்டர்கூட விடாமல் சந்திக்க வேண்டும். அது நடக்காமல் அடுத்த கல்லுக்குப் போனால், மழுங்கிய வாயைப் பளபளப்பாக்குகிறோம், அவ்வளவுதான். கண்ணாடி மாதிரி மின்னும், முடி வெட்டாது.

அந்தச் சந்திப்பைக் கொண்டுவரும் முறை இது. முதுகின் மேல் நீளவாக்கில் ஒரே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப்பை, இரு பக்கமும் சமமாக மடியும்படி, சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். முதுகு தேயாமல் காக்கும். கோணத்தை ஒரு டிகிரிக்குள்தான் கூட்டும். டேப் தேய்ந்து எஃகு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். முதல் கல்லில் டேப் ஒட்டினால் கடைசிக் கல் வரை ஒட்டியே ஆக வேண்டும், நடுவில் எடுத்தால் கோணம் மாறிவிடும். பிறகு வாயின் இரு பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். கல்லில் தண்ணீர் விட்டு, கத்தியைப் படுக்க வைத்து, வாய் முன்னே போகும்படி மெதுவாகத் தள்ளுங்கள். கல்லின் அகலம் பெரும்பாலும் 70 மி.மீ. சுற்றிலும்தான், அலகின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே அடிப்பகுதி கல்லின் மேல் இருக்கத் தொடங்கி, தள்ளிக்கொண்டே பக்கவாட்டில் இழுத்து, நுனி கல்லை விட்டு நீங்கும்போது முடிக்க வேண்டும். திருப்பும்போது முதுகைக் கல்லிலேயே வைத்து அதன் மேல் உருட்டித் திருப்புங்கள். வாய் மேலாகத் திருப்பினால் அந்த நொடியில் கூர் போய்விடும். ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வருவதை ஒரு நடை என்று கொள்ளலாம்.

சில நடை கழித்து மையைப் பாருங்கள். வாயின் ஓரம் வரை மை அழிந்திருந்தால் கல் சரியாகப் படுகிறது. ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக மை மிஞ்சியிருந்தால் கல் இன்னும் வாயை எட்டவில்லை. தொடர்ந்து தேய்க்க வேண்டும். அடிப்பக்கம் மட்டும் அழியாமல் இருந்தால், கைப்பிடியோடு சேரும் வாலை ஒட்டிய தடித்த தோள்பகுதி கல்லின் மேல் ஏறிக் கத்தியைத் தூக்குகிறது. சீனாவிலிருந்து வரும் கோல்டு டாலர் வகைக் கத்திகளில் இந்தத் தொல்லை அதிகம். அந்தத் தோளைக் கல்லுக்கு வெளியே வைத்து, கத்தியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும், அல்லது தோளைத் தனியாகத் தேய்த்துக் குறைக்க வேண்டும். நுனி மட்டும் அழியாவிட்டால், நடையின் முடிவில் கை சீக்கிரமாகத் தூக்கிவிடுகிறது என்று பொருள்.

1000 கல்லில் மட்டும் கொஞ்சம் அழுத்தலாம். அதுவும் விரலின் எடை அளவுக்குத்தான். உட்குழித்து மெலிதாகச் செய்த அலகு அழுத்தினால் வளையும். வளைந்தால் வாய் மேலே எழும்பும், சாய்வின் பின்பகுதிதான் தேயும். நூறு நடை போனாலும் வாய் வராது. சாய்வு மட்டும் அகன்றுகொண்டே போகும்.

எத்தனை நடை என்று கேட்பார்கள். எண்ணுவதால் பயனில்லை. ஒரு கத்திக்கு நாற்பது போதும், இன்னொன்றுக்கு முந்நூறும் போதாது. முடிந்துவிட்டதா என்பதைக் கத்தியிடம்தான் பார்க்க வேண்டும். தலைக்கு நேர் மேலே ஒற்றை விளக்கு இருக்கட்டும். வாயை மேல்நோக்கிப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் வழியாக வாயை நேராகப் பாருங்கள். கூரான விளிம்புக்கு ஒளியைத் திருப்பித் தரும் அகலமே கிடையாது, அது கறுப்பாகவே தெரியும். எங்கெல்லாம் வெள்ளையாக ஒரு புள்ளியோ கோடோ மின்னுகிறதோ அங்கெல்லாம் வாய் இன்னும் மழுங்கல். கத்தியை மெல்ல அசைத்து அசைத்து, அடி முதல் நுனி வரை பாருங்கள். அடுத்து, முன்கையில் தோலை ஒட்டி வைத்து மழித்துப் பாருங்கள். அடி, நடு, நுனி மூன்றும் ஒரே மாதிரி முடியை எடுத்தால்தான் 1000 கல்லை விட்டு எழலாம்.

சந்தேகத்தை ஒரேயடியாகத் தீர்க்க ஒரு வழி உண்டு. தீட்டத் தொடங்கும் முன்பே, கண்ணாடி டம்ளரின் வழவழப்பான விளிம்பில் கத்தியின் வாயை எடையே இல்லாமல் ஒரு முறை இழுத்துவிடுங்கள். லென்ஸில் வாய் நெடுக ஒரே வெள்ளைக் கோடு தெரியும். 1000 கல்லில் அந்தக் கோடு முழுவதும் மறையும் வரை தேயுங்கள். பழைய பிசிறு, நொய்ந்துபோன எஃகு எல்லாம் இதில் போய்விடும். எங்கே தொடங்கினோம், எங்கே முடித்தோம் என்பதில் மயக்கம் இருக்காது. புதியவர்கள் கூரைக் கெடுக்க அஞ்சுவார்கள். இல்லாத கூரைக் காப்பாற்றி என்ன பயன்?

ஒரு பக்கமே தேய்த்துப் பிசிறு எழுப்பி, பிறகு மறுபக்கம் தேய்ப்பது அடுக்களைக் கத்திக்கு வழக்கம். சவரக் கத்தியில் பெரிய பிசிறு எழவே விடக் கூடாது. அது ஒடியும்போது நல்ல வாயையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும். சம எண்ணிக்கையில் இரு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்ப்பதே முறை.

1000 கல் சரியாக முடிந்துவிட்டால் மற்றவை வேகமாகப் போகும். கல் மாற்றும் ஒவ்வொரு முறையும் கத்தியையும் கையையும் கழுவுங்கள், புது டேப் ஒட்டுங்கள். 1000 கல்லின் ஒரு துகள் 8000 கல்லில் ஒட்டிக்கொண்டாலும் வாயில் ஆழமான கீறல் விழும். 4000 கல்லில் 30 முதல் 50 நடை, முந்திய கீறல்கள் லென்ஸில் தெரியாமல் போகும் வரை. 8000 கல்லில் 30 நடை. அதில் கடைசிப் பத்து, கத்தியின் சொந்த எடை மட்டுமே கல்லில் படும்படி. இந்த நிலையில் தண்ணீரைக் கவனித்தால் ஒன்று தெரியும். வாய்க்கு முன்னால் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், கூர் வரவர வாயின் மேலேறி அலகின் முகத்தில் படரும். அடி முதல் நுனி வரை ஒரே சீராக ஏறினால் வாய் முழுவதும் கல்லில் படிந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் ஏறாமல் நின்றால் அந்த இடத்தை மறுபடி லென்ஸில் பாருங்கள்.

நுண்ணிய கல்லில் நூற்றுக்கணக்கில் தேய்ப்பதும் தவறே. வாய் தாங்க முடியாத அளவுக்கு மெலிந்து படலமாகிவிடும். முதல் சவரம் பிரமாதமாக இருக்கும், இரண்டாவதில் அந்தப் படலம் உதிர்ந்து கத்தி திடீரென்று பிடிக்கும். அப்படி நேர்ந்தால் முதுகு முன்னே போகும்படி நாலைந்து நடை பின்னோக்கி இழுத்துப் படலத்தை நீக்கிவிட்டு, 8000 கல்லில் பத்துப் பன்னிரண்டு நடை இலேசாகத் தீட்டினால் போதும்.

பதம் பார்க்கக் கட்டைவிரல் நகத்தில் வாயை இழுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. 1000 கல்லோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். முடித்த வாயை நகம் மழுக்கிவிடும். 8000 முடிந்தபின் முன்கைத் தோலுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, தோலைத் தொடாமல் கத்தியைக் கொண்டுபோங்கள். முடி சத்தமில்லாமல் ஒடிந்து விழுந்தால் போதுமான கூர். ஒற்றைத் தலைமுடியைத் தொங்கவிட்டு வாயில் போட்டுப் பார்க்கும் சோதனை கண்ணுக்கு அழகு. ஆனால் முடி தடிப்பா மெலிவா, எண்ணெய் பட்டதா என்பதைப் பொறுத்து விடை மாறும், அதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

கல்லிலிருந்து நேராக முகத்துக்குப் போகக் கூடாது. தோல் வார் வேண்டும். பழைய முடிதிருத்தகங்களில் நாற்காலி ஓரம் தொங்கிய அதே வார்தான். 7 செ.மீ. அகலமாவது இருந்தால் புதியவருக்கு வசதி. டேப்பை எடுத்துவிட்டு, முதலில் பருத்தி அல்லது லினன் துணிப் பக்கத்தில் 20, 25 நடை, பிறகு தோலில் 50, 60 நடை. இங்கே திசை நேர் எதிர்: முதுகு முன்னே, வாய் பின்னே. வாரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும். வேகம் கட்ட வேண்டாம். வாரில் வெட்டு விழுவதும் கூர் போவதும் அநேகமாகத் திருப்புகிற இடத்தில்தான். கத்தியை முழுவதும் நிறுத்தி, முதுகின் மேல் உருட்டித் திருப்பி, பிறகு இழுங்கள். குரோமியம் ஆக்ஸைடு என்ற பச்சைப் பசையைத் தடவுவதானால் 0.5 மைக்ரான் தூய பொடியாக வாங்கி, தனித் துணியிலோ மரத்துண்டிலோ தடவி, பத்து நடையோடு நிறுத்துங்கள். தினமும் தீட்டும் வாரில் அதைத் தடவ வேண்டாம். பாலிஷ் கடையில் கிடைக்கும் பச்சைக் கட்டிகளில் பல, சொரசொரப்பான வேறு பொடி கலந்தவை.

கடைசித் தீர்ப்பு முகத்தில்தான். வெந்நீரால் நன்றாக நனைத்து, நுரை காயாமல் பார்த்து, முதல் நாள் கன்னத்தை மட்டும், முடி வளரும் திசையில். தோலை மறுகையால் இழுத்துப் பிடித்து, கத்தியை ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் வையுங்கள். நிமிர்த்தினால் சுரண்டும், வெட்டும். கத்தி எங்கும் ஒரே மாதிரி இழுத்தால் 1000 கல்லுக்குத் திரும்புங்கள். நடுப்பகுதி நன்றாகப் போய் நுனி மட்டும் பிடித்தால், நுனிக்கு வேலை பாக்கி. நன்றாக வெட்டியும் தோல் எரிந்தால் 8000 கல்லில் இன்னும் சில எடையில்லாத நடை, வாரில் இன்னும் கொஞ்சம். ஒரு முறை இப்படிப் பதம் வந்துவிட்டால், தினமும் வாரில் மட்டும் தீட்டிப் பல வாரம் ஓட்டலாம். மறுபடி தேவைப்படும்போது 8000 கல்லே போதும், 1000 கல் எடுக்க வேண்டியதில்லை.

கடலோர ஊர்களில் கார்பன் எஃகை ஈரத்தோடு கைப்பிடிக்குள் மடித்து வைத்தால் ஒரே இரவில் வாயில் துருப்புள்ளி தோன்றும். அப்படித் தோன்றினால் மேலே சொன்ன அத்தனை வேலையும் மறுபடி. துடைத்து, திறந்து வைத்துக் காயவிட்டு, இரண்டொரு நாள் மழிக்காமல் இருக்கப் போவதானால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். தோல் உறைக்குள் போட்டு வைக்கவும் வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

விற்பவர்களுக்குத் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். 'உடனே மழிக்கலாம்' என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் கத்திகளில் பல அந்த நிலையில் இருப்பதில்லை. தொழிற்சாலையில் சக்கரத்தில் போட்ட கூர் வேறு, ஒருவர் உட்கார்ந்து கையால் தீட்டிய கூர் வேறு. எந்த எஃகு, கையால் தீட்டியதா, கடைசியாக எந்த நம்பர் கல்லில் முடித்தது என்ற மூன்றையும் பெட்டியின் மேலேயே எழுதட்டும். தீட்டாமல் விற்பதில் தவறில்லை. தீட்டவில்லை என்று சொல்லிவிட்டு விற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாகப்பட்டினம்.